கட்டியை மறைக்க வேண்டாம், கொழுப்பை வளர்க்க வேண்டாம்

(மல்கிரேவில் நடந்த எங்கள் சங்க மகளிர் ஒன்றுகூடலில் வாசித்த பேச்சு)



நான் டொக்டரோ தாதியோ இல்லை. ஊரில் உயர்தரத்தோடு படிப்பை விட்டவள். இங்கே தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கிறன். ஆனாலும் இந்த விசயத்தைப் பேச எனக்கொரு காரணம் இருக்கு.

என்ர சின்னம்மாவுக்கு 58 வயதில் மார்பில் ஒரு கட்டி வந்தது. நோகவில்லை. வீட்டில் கலியாணம் கட்டாத பிள்ளை இருக்கு, சனம் என்ன சொல்லும் எண்டு ஒரு வருசம் மறைச்சுப் போட்டா. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நேரம் அது கமக்கட்டுக்கும் பரவிவிட்டது. இன்றைக்கு அவ இல்லை.

அவ நல்ல பருத்த உடம்பு. "சாப்பிடக் குடுத்து வைச்சவ" எண்டு நாங்கள் பெருமையாய்ச் சொல்லுவம். அவவுக்கு நோய் வந்தது அதாலதான் எண்டு ஒருவரும் சொல்ல ஏலாது. மெலிந்தவர்களுக்கும் வரும். ஆனால் மேலதிகக் கொழுப்புக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016 இல் அறிவித்தது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்புப் புற்றுநோய் அதில் ஒன்று.

ஏன் அப்படி? மாதவிடாய் நின்றால் சூலகம் ஈஸ்ரஜன் என்ற ஓமோனைச் சுரப்பதை நிறுத்திவிடும். ஆனால் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. அதில் அரோமற்றேஸ் என்றொரு நொதியம் இருக்கு. அது வேறு ஓமோன்களை ஈஸ்ரஜனாக மாற்றும். எங்கட பாசையில் சொன்னால், பெரிய தொழிற்சாலையைப் பூட்டின பிறகும் பின்வளவில் ஒரு சின்னப் பட்டறை இரவு பகலாய் ஓடுது. கொழுப்புக் கூடக்கூடப் பட்டறையும் பெருக்கும். மார்புப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ரஜனால் வளருகிறவை. அதனால்தான் இந்த நொதியத்தை மறிக்கிற குளிசைகளைப் பலருக்குக் குடுக்கினம். அதோடு, பருத்த உடம்பில் இன்சுலின் கூடும், அழற்சியும் ஓயாமல் இருக்கும். இவையும் புற்றுநோய்க் கலங்கள் பெருக உதவும். கண்டுபிடிக்கும்போது கட்டி பெரிதாக இருப்பதும், சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புவதும் பருத்தவர்களில் அதிகம்.

நான் ஆரையும் குறை சொல்ல வரவில்லை. விசாக் கவலை, இரவு வேலை, பத்து மணிக்குச் சோறு, இதுதான் எங்கட சீவியம். நானே மெல்பேண் வந்து ஐந்து வருசத்தில் 14 கிலோ ஏறினன். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. புத்தாண்டுக்குப் பலகாரம் சுடுங்கோ. ஆனால் ரின்னில் அடைச்சு வைச்சு மாசக்கணக்காய்ச் சாப்பிட வேண்டாம். தையல் நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கோ. பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை.

நடவுங்கோ. 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து சேர்த்த காசில்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பி 2013 இல் திறந்தது. நாங்கள் அவ்வளவு தூரம் நடக்கத் தேவையில்லை. பக்கத்தில் ஜெல்ஸ் பார்க் இருக்கு. ஞாயிறு காலமை நாலு பேர் சேர்ந்து குளத்தைச் சுற்றி வந்தால் உடம்புக்கும் நல்லது, மனப்பாரமும் குறையும்.

கடைசியாக ஒன்று. அவுஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயதுப் பெண்களுக்கு இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மார்பைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள், இலவசம். 40 வயதானவர்களும் கேட்டுப் போகலாம். தொலைபேசி 13 20 50. ஆங்கிலம் கஷ்டமென்றால் 13 14 50 க்கு எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. விசாவை நினைச்சுப் பயந்து பேசாமல் இருக்க வேண்டாம், முதலில் கேளுங்கோ. கட்டி, தோலில் சுருக்கம், காம்பில் கசிவு என்று எதைக் கண்டாலும், எந்த வயதென்றாலும், அந்தக் கிழமையே டொக்டரிட்டப் போங்கோ.

என்ர சின்னம்மாவுக்கு ஒரு வருசம் இருந்தது. அதை வெட்கத்துக்குக் குடுத்திட்டா. நீங்கள் குடுக்க வேண்டாம்.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.