பறவை முனியம்மாவும் எங்கள் அப்பத்தாவும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2008இல் இயந்திரவியல் முடித்து வெளியே போனவன் நான். கோயம்புத்தூரில் பம்ப் செட் வடிவமைப்பதுதான் பிழைப்பு. 'இவன் என்ன நாட்டுப்புறப் பாட்டைப் பற்றிப் பேசுறான்' என்று என் வகுப்புத் தோழர்கள் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பறவை முனியம்மாவை எல்லோருக்கும் தெரியும். மதுரைக்குப் பக்கத்துப் பறவை ஊர்க்காரர். கோயில் திருவிழா மேடைகளில் பல காலம் பாடியவர். 2003 பொங்கலுக்கு வந்த 'தூள்' படத்தில், விக்ரம் சண்டை போட, இந்த அம்மா பாட, தியேட்டரே எழுந்து நின்றது. நம் விடுதி நாள் விழாவில் அந்தப் பாட்டுக்கு ஆடாதவர் யார்? பிறகு 'தமிழ்ப்படம்' போன்ற படங்களில் நடித்தார், தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையல் செய்து காட்டினார், கலைமாமணி விருதும் பெற்றார்.

ஒரு விடுமுறையில் டி.வி.யில் அவர் பாடுவதை அப்பத்தாவுடன் பார்த்தேன். கிழவி வெற்றிலையை மென்றுகொண்டே, "இதென்னடா பெரிய அதிசயம்? நாத்து நடயில நாங்க பாடாததையா?" என்று சொல்லிவிட்டு, தானாகவே ஒரு நடவுப் பாட்டை எடுத்தது. டி.வி.யில் பாட்டு நின்ற பிறகும் அப்பத்தா நிறுத்தவில்லை. நான் பரீட்சைக்குப் படிக்கணும் என்று எழுந்து போய்விட்டேன்.

வேலைக்குப் போனதும் நல்ல ஃபோன் வாங்கினேன். அதில் ஒலிப்பதிவு வசதி இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் 'அடுத்த தடவை பதிவு பண்ணிக்கலாம்' என்றேன். 2016இல் அப்பத்தா போய்விட்டது. என்னிடம் இருப்பது இரண்டு போட்டோ மட்டும்.

2020 மார்ச் 29ஆம் தேதி பறவை முனியம்மா காலமானார். நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கி ஐந்தாம் நாள். ஊரே திரண்டு வழியனுப்ப வேண்டிய ஒரு பாட்டுக்காரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோவையில் அடைந்து கிடந்த நான் அன்று அழுதேன். அவருக்காக மட்டும் அழவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் குரலாவது படத்தில் இருக்கிறது. அப்பத்தா குரல்?

என் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஏற்றம் இறைத்த காலத்தில் ஏற்றப்பாட்டுதான் கணக்குப் பிள்ளை. எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டே எண்ணிக்கொண்டு போகும். பம்ப் செட் வந்தது, முதுகு வலி போனது, பாட்டும் போனது. முதுகு வலி போனதில் எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் பாட்டை எடுத்து வைத்திருக்கலாமே? பெர்சி மக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தொகுத்து வைத்த பாடல்களைத்தான் கி.வா.ஜ. 1958இல் 'மலையருவி' என்று பதிப்பித்தார். நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இல் வந்தது. ஃபோன் இல்லாத காலத்தில் அவர்கள் செய்தார்கள்.

ஊரடங்கு தளர்ந்ததும் அப்பத்தாவின் தங்கச்சியிடம் போய், "பாடுங்க அப்பத்தா" என்று ஃபோனை நீட்டினேன். ஒன்றும் வரவில்லை. "சும்மா ஒக்காந்துக்கிட்டு எப்படிடா பாட்டு வரும்?" என்றது. உரலில் கம்பு போட்டுக் கொடுத்தோம். உலக்கை விழ விழப் பாட்டு வந்தது. பதினோரு பாட்டு தேறியது. அப்பத்தா அன்று பாடிய நடவுப் பாட்டில் பாதிதான் அதில் இருக்கிறது. மீதி சின்ன அப்பத்தாவுக்கும் மறந்துபோச்சு.

தம்பி தங்கைகளே, இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் வயசான கையில் ஏதாவது வேலையைக் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். ஒப்பாரி கேட்பதானால் வீட்டுக்குள் கேட்காதீர்கள், ஆகாது என்பார்கள். வயக்காட்டுப் பக்கம் அழைத்துப் போங்கள். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையில் பாடியது, இந்த மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.

பரீட்சை திரும்ப வரும். எனக்கு அந்தப் பரீட்சையில் என்ன மார்க் வந்தது என்றே இப்போது ஞாபகமில்லை.