தாய் தின்ற கருவாடா காரணம்?

எண்ணூரில் இருந்தும் எர்ணாவூரில் இருந்தும் கைப்பிள்ளையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சுற்றுச்சூழலும் எதிர்காலமும்’. எதிர்காலம் இருக்கட்டும். இதோ, ஒரு தங்கச்சி மடியில் பிள்ளை தூங்குகிறது. அதன் இரண்டு கையிலும் பழைய பனியனை வெட்டித் தைத்த உறை. குளிருக்கா? எண்ணூரில் ஏதம்மா குளிர்? ராத்திரி முழுக்கச் சொறிந்து கன்னத்தைக் கிழித்துக்கொள்ளக் கூடாது என்று பெற்றவள் மாட்டிவிட்ட உறை அது. கரப்பான்! ஆஸ்பத்திரிச் சீட்டில் எக்ஸிமா என்று எழுதித் தருகிறார்கள். நான் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பிள்ளைக்குக் கரப்பான் வந்தால் முதல் விசாரணை யாரிடம்? தாயிடம். ‘நீ என்னடி தின்ன? கத்தரிக்காய் தின்னியா, கருவாடு தின்னியா?’ மாமியார் கேட்கிறார், பக்கத்து வீடு கேட்கிறது. சரி, அவர்களாவது பாசத்தில் கேட்கிறார்கள். இன்னும் சில பேர் இருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். சன்னலை எல்லாம் இழுத்துச் சாத்திக்கொண்டு, காற்றைச் சுத்தம் செய்கிற மெஷினைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டு, ‘வடசென்னைக்காரர்களுக்குச் சுத்தம் போதாது’ என்று பேசுகிறார்கள். ஐயா, பிள்ளையை இரண்டு வேளை குளிப்பாட்டுகிற சனம் இது! துவைத்துக் காயப்போட்ட தூளித் துணியைச் சாயங்காலம் எடுத்து உதறினால் கையெல்லாம் கறுப்பு. அந்தக் கரி எங்கள் அடுப்பில் இருந்தா வந்தது? வந்து உதறிப் பாருங்கள்!

இந்தப் பகுதியில் ஓர் அங்கன்வாடி அம்மா இருக்கிறார். பேரைச் சொன்னால் நாளைக்கே அவருக்கு வில்லங்கம் வரும். பிள்ளைகளின் எடையைக் குறிக்கிற நோட்டில் அவராகவே இன்னொரு கட்டம் போட்டார். எந்தப் பிள்ளைக்கு முழங்கை மடிப்பில் புண், எந்தப் பிள்ளைக்கு முட்டிக்குப் பின்னால், எந்த வாரம் அரிப்பு கூடியது, அந்த வாரம் கன்டெய்னர் லாரி வரிசை எதுவரைக்கும் நின்றது. எல்லாம் குறித்தார். மேலதிகாரி ஒருவர் பார்த்துவிட்டு, ‘உன்னை எடை பார்க்கச் சொன்னோமா, ஆராய்ச்சி பண்ணச் சொன்னோமா?’ என்றாராம்.

ஆமாம் ஐயா, ஆராய்ச்சிதான்! போலந்து நாட்டு கிராக்கோவ் நகரத்தில் பெரிய டாக்டர்கள் செய்ததும் இதுதான். கர்ப்பிணிப் பெண்களின் முதுகுப் பையில் காற்றை அளக்கும் கருவியை வைத்து அனுப்பினார்கள். பிறகு அவர்கள் பெற்ற பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். வயிற்றில் இருக்கும்போது நுண்தூசி, பிறந்த பிறகு வீட்டில் சிகரெட் புகை, இரண்டும் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கரப்பான் அதிகம். கைதட்டுகிற அப்பாக்களே, கொஞ்சம் பொறுங்கள். பாதிக் குற்றச்சாட்டு உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. பீடிக்கட்டை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அப்புறம் தட்டுங்கள்!

2018 நவம்பரில் கலிபோர்னியாவில் காடு எரிந்தது. தீ எரிந்த இடத்துக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தப் புகை வந்து கவிந்த வாரங்களில் அந்த ஊர்த் தோல் மருத்துவமனைக்குக் கரப்பான், அரிப்பு என்று வந்த கூட்டம் கூடியது. அவ்வளவு தொலைவில் இருந்து வந்த புகைக்கே அந்தப் பாடு. நமக்குப் புகைபோக்கி வாசலில் நிற்கிறது!

ஜப்பானில் தோஹோகு பல்கலைக்கழகத்தார் 2016-இல் எலிகளை வைத்து இன்னும் ஆழமாகப் போனார்கள். டீசல் புகையில் உள்ள நச்சு, தோலின் செல்லுக்குள் ஒரு பூட்டைத் திறக்கிறது. உடனே தோலில் ஆர்ட்டெமின் என்ற புரதம் ஊறுகிறது. அதனால் நரம்பு நுனிகள் தோலின் மேல்பரப்புவரை நீண்டு வளர்கின்றன. லேசாகப் பட்டாலே அரிக்கிறது. சொறிந்தால் தோல் கிழிகிறது, கிழிந்த வழியில் இன்னும் தூசி இறங்குகிறது. டீசல்! துறைமுகத்துக்குப் போக இடம் கிடைக்காமல், இன்ஜினை அணைக்காமல் நம் பால்வாடி வாசலில் நிற்கிறதே லாரி, அதே டீசல்தான்!

‘பரம்பரைதானே?’ என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். தோலைக் காக்கிற ஃபிலாக்ரின் என்ற புரதம் சில பேருக்குப் பிறவியிலேயே குறைவு. கூரையில் ஓட்டை பரம்பரையாக வந்தது, சரி. மேலே இருந்து கொட்டுவது யார்? அதுவும் யார் தலையில்? இந்த நோய் பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பெரியவர்களைவிட மெல்லிய தோல். தோலில் வந்தது தோலோடு போகாது. அந்தப் பிள்ளைகளில் பல பேருக்குப் பின்னால் இளைப்பும் வருகிறது.

பி.எம். 2.5 என்கிற நுண்தூசி, தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு. ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. நம் நாட்டுச் சட்டம் 40 வரைக்கும் அனுமதிக்கிறது. எட்டு மடங்கு! நம் பிள்ளைக்கு எட்டு மடங்கு தடிமனான தோலையா ஆண்டவன் கொடுத்தான்?

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். கேமராக்கள் வந்தன. ஒரு ராத்திரி கசிந்ததற்கு ஓடினோம். தினம் தினம் கசிவதற்கு எங்கே ஓடுவது?

அந்த அங்கன்வாடி அம்மா இப்போதும் குறித்துக்கொண்டுதான் இருக்கிறார். அரசாங்கம் போட வேண்டிய கட்டத்தை அவர் பேனாவால் போட்டார். அதனால்தான் கேட்கிறோம்: தடுப்பூசி அட்டையில் தோலுக்கு ஒரு கட்டம் வேண்டும். பால்வாடி இருக்கிற தெருவில் காற்றை அளக்கும் கருவி வேண்டும். அந்தத் தெருவில் லாரி நின்றால் இன்ஜினை அணைக்க வேண்டும். கரப்பானோடு வருகிற தாயிடம் டாக்டர் கத்தரிக்காயைக் கேட்பதற்கு முன்னால், ‘வீடு எங்கேம்மா?’ என்று கேட்க வேண்டும்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம், மனு இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் தெருப் பேரையும் பிள்ளையின் வயதையும் எழுதுங்கள், மாதக் கணக்கில் எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.