ஒத்துப்போகாத வண்ணங்கள்



நம் பாட்டிமார் பழைய சேலைகளை அடுக்கித் தைத்து விரிப்பாக்கித் தருவார்கள் அல்லவா? அமெரிக்காவிலும் அப்படி ஒரு போர்வை உண்டு. 'குயில்ட்' என்பார்கள். சிறுசிறு துணித் துண்டுகளைக் கட்டங்களாகச் சேர்த்து, கட்டங்களை இணைத்து முதலில் மேல்துணியைத் தைப்பார்கள். அதன் கீழே பஞ்சு, அதற்கும் கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் போர்வை.

மேல்துணிக்கே பல மாதங்கள் ஆகலாம். அதை முடித்து விரித்துப் பார்க்கும்போதுதான் சில வேளைகளில் தெரியவரும், வண்ணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று. மனம் சோர்ந்து, மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஆண்டுகள் பல கழிந்து, தைத்தவரும் இறந்தபின், மகள் அந்தப் பெட்டியைத் திறக்கிறார். என்ன செய்வார்? பிரித்தால் தாயின் கைத்தையல் போய்விடும். அப்படியே போர்வையாக்கினால் கண்ணை உறுத்தும். தூக்கி எறியவோ மனம் வராது.

இத்தொழிலில் கைதேர்ந்தவர்கள் கத்தரிக்கோலை உடனே எடுப்பதில்லை. மேல்துணியைச் சுவரில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கிறார்கள். இல்லையேல் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுக்கிறார்கள். அதில் நிறம் மறைந்து, வெளிர் எது, அடர்த்தி எது என்பது மட்டும் நிற்கும். சிவப்பும் பச்சையும் சண்டையிடுவதாக நாம் நினைத்திருப்போம். படத்திலோ இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரியும். எல்லாத் துண்டுகளும் ஒரே அடர்த்தி. எதுவும் முன்னே வரவில்லை, எதுவும் பின்னே ஒதுங்கவில்லை. பாவம், பழி மட்டும் சிவப்பின்மேல்! அதன் பக்கத்தில் ஒரு வெளிர் நிறம் இல்லாததுதான் குறை. நம் குடும்பங்களிலும் அன்பியக் கூட்டங்களிலும் 'எல்லாம் இவரால்தான்' என்று ஒருவரை நோக்கிக் கை நீட்டுகிறோமே, அங்கும் ஒருமுறை தள்ளி நின்று பார்க்கலாம்.

அடுத்து, கட்டங்களை இணைக்கும் தையலை மட்டும் பிரிக்கிறார்கள். கட்டத்துக்குள் தாய் போட்ட தையல் அப்படியே இருக்கும். பிரித்த கட்டங்களுக்கு நடுவே இரண்டு அங்குலம் போல அகலமுள்ள பட்டை ஒன்றைக் கொடுத்து மறுபடி இணைக்கிறார்கள். சாம்பல், கருநீலம் போன்ற அமைதியான நிறத்தில் பட்டை இருந்தால், மோதிய வண்ணங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. வெள்ளைப் பட்டைதான் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். பல வேளைகளில் அந்த வெள்ளையே எல்லாவற்றையும் முந்திக்கொண்டு கண்ணில் படும். ஆமிஷ் மக்களின் பழைய போர்வைகளைப் பாருங்கள். கறுப்பின் அருகே ஊதாவும் சிவப்பும் விளக்கேற்றியதுபோல் ஒளிரும்.

ஒரே ஒரு இடத்தில் ஆரஞ்சு நிறம் துருத்திக்கொண்டு நின்றால் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. ஓரத்தில் கொஞ்சம், மூலைகளில் கொஞ்சம் என அதே நிறத்தைச் சேர்த்தால் போதும். தனித்து நின்றவரை பிழையாகத் தெரிந்த நிறம், துணை வந்ததும் வேண்டுமென்றே வைத்ததாகிவிடுகிறது.

சிலர் மேல்துணி முழுவதையும் தேயிலைச் சாயத்தில் முக்கிவிடுவார்கள். எல்லாம் பழுப்பேறி அடங்கிப்போகும். நமக்கு இது உகந்ததாகப் படவில்லை. தேயிலையின் துவர்ப்புப் பொருள் நாளடைவில் துணியை நலியச் செய்யும் என்பது ஒருபுறம். எல்லா நிறத்தையும் ஒரே நிறமாக்கிப் பெறும் அமைதி என்ன அமைதி?

இன்னொன்றையும் அவர்கள் தவறாமல் செய்கிறார்கள். புதுப் பட்டைத் துணியை முதலில் நனைத்து அலசி, சுருங்கவிட்டுத்தான் பழைய துணியோடு சேர்க்கிறார்கள். மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறும் ஒட்டுத்துணி உவமை நினைவுக்கு வருகிறதா? சுருங்காத புதுத்துணி பழைய ஆடையை இழுத்துக் கிழித்துவிடும் என்பது நாசரேத்து வீட்டில் அன்னை மரியாவின் ஊசி வேலையைப் பார்த்து வளர்ந்தவருக்குத் தெரியாதா என்ன!

இதற்கெல்லாம் கடையில் துணி வாங்கக் காசு வேண்டும். காசில்லாதவர்கள்? அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் வளைந்து சூழ்ந்த கீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அடிமைகளாக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். உழைத்துத் தேய்ந்த உடைகளையும் கோணிச் சாக்குகளையும் கிழித்து அவ்வூர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் கலைக்கூடச் சுவர்களில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன.

அவர்களுள் ஒருவர் மிசூரி பெட்வே. 1942இல், கணவரை இழந்த பின், அவர் வயலில் உடுத்திய உடைகளை எடுத்துப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். நிறம் பார்த்து வாங்கிய துணி அதில் இல்லை. வெயிலில் வெளுத்தது, முழங்காலில் தேய்ந்தது, எது கிடைத்ததோ அதுவே நிறம். மகள் ஆர்லோன்சியா பின்னாளில் அதை நினைவுகூர்ந்தார். கணவரை நினைத்துக்கொள்ளவும், அந்த அன்பின் கீழ் போர்த்திப் படுக்கவுமே தாய் அதைத் தைத்தாராம்.