அரசியல் கொடையும் சம உரிமையும்

ஒருவர் ஈட்டிய பொருளை, அவருக்குப் பிறகும் நிலைக்கும் ஒரு நற்செயலுக்கு எழுதிவைப்பதே அறக்கட்டளை. அப்படியொரு கட்டளையின் பேரில் பேச வந்திருப்பதால் கொடையைப் பற்றியே பேசலாம் என்று எண்ணினேன். ஆனால் நான் பேசப்போவது கல்விக்கோ மருத்துவத்துக்கோ தரப்பட்ட கொடை அல்ல. அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளரும் திருநரும் சட்டத்தின்முன் மற்றவர்களுக்குச் சமமாக நிற்பதற்காகத் தேர்தல்களுக்குத் தரப்பட்ட பணம். அங்கே வந்த தீர்ப்புகளின் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அந்தத் தீர்ப்புகளைக் காத்து நின்ற சட்டமன்ற இடங்கள் எப்படி வெல்லப்பட்டன, யார் பணத்தில் வெல்லப்பட்டன என்பதை நம்மில் அதிகம் பேர் கேட்டதில்லை.

சமத்துவம் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நியூயார்க்கில் எடித் வின்ட்சர், தியா ஸ்பையர் என்ற இரு பெண்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். 2007இல் கனடாவின் டொரான்டோவுக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டார்கள். 2009இல் ஸ்பையர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்துக்கு மத்திய அரசு வின்ட்சரிடம் கேட்ட மரபுரிமை வரி 3,63,053 டாலர். இறந்தவர் கணவராக இருந்திருந்தால் ஒரு டாலரும் கட்டவேண்டியதில்லை. திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் செய்துகொள்வது மட்டுமே என்று 1996இல் இயற்றப்பட்ட மத்திய சட்டம்தான் காரணம். வின்ட்சர் வழக்குத் தொடுத்தார். 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் பில் கிளிண்டன். அவரை அதிபராக்கத்தான் 1992இல் தன்பாலீர்ப்பாளர்கள் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பணம் திரட்டியிருந்தார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சற்றுப் பின்னால் போகவேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலீஸில் நகர்மன்றத் தேர்தல் குழு ஒன்று உருவானது. தன்பாலீர்ப்பாளர்கள் வெளிப்படையாகச் சேர்ந்து வேட்பாளர்களுக்கு நன்கொடை தந்த தொடக்க கால முயற்சிகளில் அது முக்கியமானது. இவர்கள் பணம் நமக்கு வேண்டாம் என்று காசோலையைத் திருப்பியனுப்பிய வேட்பாளர்கள் இருந்த காலம் அது. வாங்கிக்கொண்டால் வேறு வாக்குகள் போய்விடும் என்ற பயம். 1980இல் ஸ்டீவ் எண்டியன் நாடு தழுவிய தேர்தல் நிதி ஒன்றைத் தொடங்கினார். இன்று ஹியூமன் ரைட்ஸ் கேம்பெயின் என்று அறியப்படும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். காசோலையைத் திருப்பியனுப்பிய காலத்திலிருந்து, அதிபர் வேட்பாளரே கைநீட்டி வாங்கும் காலத்துக்கு வர அவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகளே ஆயின. அந்த வேகத்தில் மயங்காமல் இருப்பது கடினம்.

ஆனால் பலன்? 1993இல் ராணுவத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் தம்மை மறைத்துக்கொண்டால் மட்டுமே பணியில் இருக்கலாம் என்ற விதி. 1996இல் திருமணத் தடை. இரண்டும் கிளிண்டன் ஆட்சியிலேயே வந்தன. பெரிய பதவிக்குப் பெரிய தொகை கொடுத்தவர்களுக்கு விருந்து மேசையில் நாற்காலி கிடைத்தது, சட்டப் புத்தகத்தில் ஒரு வரி கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் கொலராடோ மாநிலத்துக்கு வருகிறேன். அங்கே டென்வர், போல்டர், ஆஸ்பென் ஆகிய ஊர்களில், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒருவருக்கு வேலையோ வீடோ மறுக்கக்கூடாது என்று நகர்மன்றங்கள் விதி செய்திருந்தன. அந்த விதிகளை ரத்து செய்து, இனியும் யாரும் அப்படி விதி செய்ய முடியாதபடி தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று 1992 நவம்பரில் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. 53 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். திருத்தம் நிறைவேறியது. மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்த ஜீன் டுபோஃப்ஸ்கி வழக்கை நடத்தினார். 1996இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஒரு பகுதி மக்களைச் சட்டப் பாதுகாப்புக்கே அந்நியராக்க எந்த மாநிலத்துக்கும் உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

1992 வாக்கெடுப்புத் தோல்வியில் கலங்கிய கொலராடோக்காரர்களில் ஒருவர் டிம் கில். 1981இல் பெற்றோரிடம் 2,000 டாலர் கடன் வாங்கிக் குவார்க் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர். பத்திரிகை அலுவலகங்களில் பக்கம் கட்டியவர்களுக்குக் குவார்க் எக்ஸ்பிரஸ் என்ற பெயர் பழக்கமானது. 1994இல் அவர் தம் பெயரில் ஓர் அறநிதி நிறுவினார். சில ஆண்டுகளில் நிறுவனத்திலிருந்த தம் பங்கை விற்றுவிட்டு முழுநேரமும் இதற்கே வந்துவிட்டார். இதுவரை அவர் கொடுத்தது 30 கோடி டாலருக்கு மேல்.

அமெரிக்கச் சட்டப்படி, வரிவிலக்குப் பெறும் அறநிதி எந்த வேட்பாளருக்காகவும் ஒரு காசு செலவிடக்கூடாது. ஆய்வு செய்யலாம், மக்களிடம் பேசலாம், வழக்குக்கு உதவலாம். தேர்தல் வேலைக்கு வரிச்சலுகை இல்லாத தனி அமைப்பு வேண்டும். கில் 2005இல் அப்படி ஒன்றை உருவாக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததுதான் அவரை உந்தியது. மாசசூசெட்ஸ் நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்றதற்கு எதிர்வினையாக, 2004 நவம்பர் தேர்தலன்று ஒரே நாளில் 11 மாநிலங்கள் திருமணத் தடையைத் தங்கள் அரசியலமைப்பில் எழுதிக்கொண்டன. இத்தகைய திருத்தங்களில் பல, மக்கள் வாக்குக்குப் போகுமுன் மாநிலச் சட்டமன்றத்தைக் கடந்தாக வேண்டியவை. அந்தக் கதவருகில் நிற்பவர் யார்? பெயர் தெரியாத ஒரு மாநில உறுப்பினர். அவருடைய தேர்தல் செலவு, வாஷிங்டனுக்குப் போட்டியிடுபவர் செலவில் மிகச் சிறிய பங்கு. அதிபருக்குக் கொடுத்தால் கடலில் கரைந்துபோகும் ஆயிரம் டாலர், அங்கே ஒரு தொகுதியின் முடிவையே மாற்றக்கூடும். கில்லும் அவருடைய ஆலோசகர்களும் கண்ட உண்மை இதுதான். இதைக் கண்டதற்காகவே அவர்களை நான் மதிக்கிறேன்.

2006இல் அயோவா மாநிலத்தில் டேனி கேரல் என்ற மூத்த உறுப்பினர் தோற்றார். சட்டமன்றக் கீழவையில் அவைத் தலைவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர், திருமணத் தடைத் திருத்தத்தை முன்னின்று ஆதரித்தவர். அவரை வென்ற எரிக் பால்மரின் நன்கொடைப் பட்டியல் பொது ஆவணம். அதைப் பார்த்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் தந்த 25 டாலர், 50 டாலர்களுக்கு நடுவே கலிஃபோர்னியா, நியூயார்க், கொலராடோ முகவரிகளோடு ஆயிரம் ஆயிரமாகத் தொகைகள். கொடுத்தவர்களுக்கு அந்தத் தொகுதியில் யாரையும் தெரியாது. கில்லின் வலையமைப்பு அவர்களிடம் பட்டியலைத் தந்திருந்தது.

இது சரியா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். முகம் தெரியாதவர்கள் பணம் அனுப்பி ஒரு கிராமப்புறத் தொகுதியின் உறுப்பினரை மாற்றுவது மக்களாட்சிக்குப் பெருமை சேர்க்காது. கேரலுக்கு விவரமே தேர்தல் முடிந்த பிறகுதான் தெரிந்தது என்பதும் எனக்கு உறுத்துகிறது. எதிர்த்தரப்பும் வெளிமாநிலப் பணத்தில் வேலை செய்தது என்பதால் மட்டும் இது நியாயமாகிவிடாது. இருந்தாலும் என் மனம் இந்தக் கொடையாளர்கள் பக்கமே சாய்கிறது. அந்தப் பணம் யாருக்கும் வரிச்சலுகை கேட்டுத் தரப்படவில்லை, ஒப்பந்தம் கேட்டுத் தரப்படவில்லை. இன்னொருவரின் திருமணத்தை வாக்குக்கு விடாதே என்று கேட்கத் தரப்பட்டது. பெயரும் முகவரியும் தொகையும் எவரும் படிக்கும் ஏட்டில் இருந்தன. கொடுத்தவர் பெயரை மறைத்து வைக்கும் கொடையை நான் இந்த மேடையிலிருந்து பாராட்ட மாட்டேன். யாருடைய நோக்கத்துக்கானாலும் சரி.

அயோவாவில் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2006 தேர்தலில் இரு அவைகளும் ஆளுநர் பதவியும் ஜனநாயகக் கட்சி வசமாயின. 2007இலேயே வேலை, வீடு, கல்வி, கடன் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடைசெய்யும் மாநிலச் சட்டத்தில் பாலீர்ப்பும் பாலின அடையாளமும் சேர்க்கப்பட்டன. 2009 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஒருமனதாக ஏற்றது. சினந்த எதிரிகள் 2010 நவம்பரில் அந்த நீதிபதிகளில் மூவரை வாக்கெடுப்பில் பதவியிழக்கச் செய்தார்கள். ஆளுநர் பதவியும் கீழவையும் கைமாறின. மேலவை மட்டும் 26க்கு 24 என்ற மயிரிழையில் நின்றது. அங்கே பெரும்பான்மைத் தலைவர் மைக் கிரோன்ஸ்டல், திருமணத் தடைத் திருத்தத்தை வாக்குக்கே விடமாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

2011இல் அந்த 26 பேரில் ஒருவர், நாக்பூரில் பிறந்த ஸ்வாதி டாண்டேகர், ஆளுநர் தந்த வேறொரு பதவியை ஏற்று விலகினார். இடைத்தேர்தல் வந்தது. தோற்றால் 25க்கு 25, கிரோன்ஸ்டலின் பிடி போய்விடும். நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் இரு தரப்பாரின் பார்வையும் பணமும் அந்த ஒரு தொகுதியில் குவிந்தன. தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளராக இருந்த லிஸ் மேத்திஸ் வென்று அந்த இடத்தைத் தக்கவைத்தார். அயோவாவில் திருமணம் செய்துகொண்ட தம்பதிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் நினைவிருக்குமோ, அறியேன்.

நியூயார்க்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 டிசம்பரில் மாநில மேலவை திருமணச் சட்டத்தை 38க்கு 24 என்று தோற்கடித்தது. எதிர்த்து வாக்களித்த மூவர் 2010இல் பதவியிழந்தார்கள். கில் தரப்பு உதவியோடு இயங்கிய தேர்தல் குழு ஒன்று அந்த மூவரையும் குறிவைத்து வேலை செய்திருந்தது. 2011 ஜூன் 24 இரவு அதே அவையில் 33க்கு 29 என்று சட்டம் நிறைவேறியது. துணிந்து ஆதரித்த குடியரசுக் கட்சியினர் நால்வர். அவர்களுக்குத் துணை நிற்கப் பால் சிங்கர் போன்ற அக்கட்சியின் பெரும் கொடையாளர்களே பணம் தந்தார்கள். அப்படியும் ஒருவர் மறுதேர்தலில் நிற்கவில்லை, ஒருவர் கட்சி வேட்பாளர் தேர்விலேயே வீழ்ந்தார், ஒருவர் 2012 நவம்பரில் தோற்றார், நான்காமவர் 2014இல் தோற்றார். மனச்சாட்சிப்படி வாக்களித்தவரைப் பணத்தால் காப்பாற்ற முடியவில்லை.

பணம் எல்லாம் செய்துவிடாது என்பதற்குக் கலிஃபோர்னியா இன்னும் பெரிய சாட்சி. 2008இல் அங்கே திருமண உரிமையைப் பறிக்கும் வாக்கெடுப்புக்கு இரு தரப்பும் சேர்ந்து 8 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. உரிமை கேட்டவர்கள் கையில் காசுக்குக் குறைவில்லை. 52 விழுக்காட்டினர் எதிராக வாக்களித்தார்கள். உரிமை கேட்டவர்களுடைய விளம்பரங்கள் உரிமை, சலுகை, பாகுபாடு என்றே பேசின. தன்பாலீர்ப்புத் தம்பதிகளின் முகம் அவற்றில் அரிதாகவே தெரிந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு, இவான் உல்ஃப்சன் தொடங்கிய ஃப்ரீடம் டு மேரி முதலிய அமைப்புகள் பேச்சை மாற்றின. நீங்கள் ஏன் மணம் புரிந்தீர்களோ அதே காரணத்துக்காகத்தான் இவர்களும் கேட்கிறார்கள் என்று பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் பேசவைத்தன. 2012இல் மெய்ன், மேரிலாந்து, வாஷிங்டன் மாநிலங்களில் மக்கள் வாக்கிலேயே வென்றன. 2015இல் நாடு முழுமைக்கும் திருமண உரிமை தந்த தீர்ப்பு வந்ததும், வேலை முடிந்தது என்று ஃப்ரீடம் டு மேரி கதவை மூடிக்கொண்டது.

வேலை யாருக்கு முடிந்தது என்பதுதான் என் கேள்வி. 2007இல் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா தலைநகர் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கீழவைக்கு வந்தபோது, திருநரையும் சேர்த்தால் வாக்குகள் போதாது என்று அவர்களை விட்டுவிட்டு 235க்கு 184 என்று நிறைவேற்றினார்கள். அது மேலவையைத் தாண்டவில்லை. விட்டுக்கொடுத்ததற்குக் கைமேல் பலனும் இல்லை. விருந்துகளில் ஆயிரம் டாலர் கொடுத்து உட்காரக்கூடியவர்கள் பெரும்பாலும் வசதியான தன்பாலீர்ப்பு ஆண்கள். வேலையே கிடைக்காத திருநங்கை எந்தப் பட்டியலில் நன்கொடை எழுதுவார்? கொடையாளரின் தேவை முதலில் வருவது கொடை அரசியலின் பிறவிக் குறை. திருமணத்துக்காகத் திறந்த பைகள் பல, 2015க்குப் பின் மூடிக்கொண்டன.

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைப்பவர் 96 ஆடுகளைக் கொடுப்பார். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். கிழடு கழித்துக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டும், நெய் நிற்கக்கூடாது. உரிமைக்குக் கொடுப்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்த ஏற்பாட்டைத்தான். வெற்றிவிழா நாளில் கணக்கை முடித்துவிடும் கொடை எனக்குக் குறைபட்ட கொடையாகவே படுகிறது.

ஏனென்றால் அயோவாவில் கதை முடியவில்லை. 2016 தேர்தலில் மைக் கிரோன்ஸ்டல் தம் தொகுதியிலேயே தோற்றார். மேலவையும் கைமாறியது. 2025 பிப்ரவரி 27 அன்று, 2007இல் சேர்க்கப்பட்டவற்றில் பாலின அடையாளத்தை மட்டும் மாநிலச் சட்டத்திலிருந்து நீக்கும் மசோதாவை இரு அவைகளும் நிறைவேற்றின. மேலவையில் 33க்கு 15, கீழவையில் 60க்கு 36. மறுநாள் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் கையெழுத்திட்டார். ஒருமுறை தந்த குடிமை உரிமைப் பாதுகாப்பைத் திருநரிடமிருந்து திரும்பப் பெற்ற முதல் அமெரிக்க மாநிலம் அயோவா. அன்று ஆயிரக்கணக்கானோர் தலைநகர் டெ மொயினின் சட்டமன்றக் கட்டடத்தில் கூடி நின்றார்கள். கீழவையில் எய்மி விக்டெண்டால் எழுந்து மசோதாவை எதிர்த்துப் பேசினார். அம்மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் திருநங்கை அவர். 2015இல் ஹயவாதா என்ற சிற்றூரின் நகர்மன்றத்துக்கு நின்று வென்றவர், 2024 நவம்பரில்தான் கீழவைக்கு வந்திருந்தார். அந்த அவையின் 100 இடங்களுக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தல்.