பசி அடங்கினாலும் உடல் கேட்கும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. இவ்வாண்டு உணவைப் பற்றிப் பேச அனுமதி வேண்டினேன்; செயலாளர் மனமுவந்து இசைந்தார். நான் மருத்துவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். எனினும், நம் வீட்டுப் பெண்களை வாட்டும் ஒரு நோயைப் பற்றியும், அவர்களில் சிலர் இப்போது போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றியும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை உங்கள் முன் வைப்பது கடமை எனக் கருதுகிறேன்.

பி.சி.ஓ.எஸ். என்று மருத்துவர் கூறும் அந்நோயைச் சினைப்பை நீர்க்கட்டி நோய் என்று தமிழில் வழங்குகிறோம். 1935-ஆம் ஆண்டு சிகாகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டைன், லெவந்தால் இருவரும் இதனை விரித்துரைத்தனர். பெயரில் கட்டி இருப்பினும் அவை அஞ்சத்தக்க கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட சிறு முட்டைப் பைகளே. மாதவிலக்குத் தவறுதல், முகத்தில் உரோமம், பரு, மகப்பேற்றில் தாமதம் ஆகியவை இதன் குறிகள். இந்நோயுற்ற பலருக்கு, சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. ஆதலின் இன்சுலின் மேலும் மேலும் சுரக்கிறது, அது சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மைச் சுரப்பைக் கூட்டுகிறது, உடலும் பருக்கிறது. மகப்பேற்றுப் பருவத்துப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. மெலிந்தவர்க்கும் இது வரும். எனவே, தின்று கொழுத்ததற்குக் கிடைத்த தண்டனை என்று எந்தப் பெண்ணையும் பழிப்பது அறமன்று, அறிவுமன்று.

எடை குறைந்தால் இந்நோயின் கடுமை தணியும் என்பதால், பருமன் உள்ளவர்க்கு எடை குறைக்கும் ஊசியைச் சில மருத்துவர் எழுதித் தருகின்றனர். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும், அதே ஆண்டு ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இரண்டும் வாரம் ஒருமுறை போடும் ஊசிகள். உணவு உண்டதும் குடலில் இயல்பாகச் சுரக்கும் பொருளைப் போல இவை செயற்படுகின்றன. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. மூளையில் பசியுணர்வைத் தணிக்கின்றன. இவை பருமனுக்கான மருந்துகளே அன்றி, சினைப்பை நோய்க்கென்றே பிறந்தவை அல்ல. மருத்துவர் சீட்டின்றி, அடுத்த வீட்டார் சொல் கேட்டு வாங்கத் தக்கவையும் அல்ல.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. ஊசி பசியைக் குறைக்கிறது. உடலின் தேவையைக் குறைப்பதில்லை. என் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்கிறேன். பத்துப் பெட்டி ஓடிய சரக்கு வண்டியில் ஐந்தே பெட்டிதான் என்றால், எதை ஏற்றுவது, எதை விடுவது என்று எண்ணிப் பார்த்தல்லவா ஏற்றவேண்டும்? பாதி வயிறு உண்பவளின் நிலையும் அதுவே. அந்தப் பாதியையும் வெறும் சோற்றாலும் பலகாரத்தாலும் நிரப்பினால், கொழுப்போடு தசையும் கரையும். இம்மருந்தால் குறையும் எடையில் ஒரு பங்கு கொழுப்பல்லாத பகுதியே என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

என் உறவினர் வீட்டு மருமகள் ஒருத்தி ஊசி தொடங்கிய நான்கு மாதத்தில் நன்கு இளைத்தாள். வந்தவரெல்லாம் வாயாரப் புகழ்ந்தனர். அவள் உண்டதோ காலையில் ஒரு தோசை, இரவில் சிறிது கஞ்சி. பின்னர் தலைமுடி கற்றை கற்றையாக உதிர்ந்தது. மாடிப்படி ஏறினால் கால் தளர்ந்தது. மருத்துவர் மருந்தை மாற்றவில்லை. தட்டை மாற்றச் சொன்னார். பருப்பும் முட்டையும் தயிரும் தட்டில் ஏறிய பின்னரே அவள் மெல்லத் தேறினாள்.

வயிறு அடங்குவது வேறு, சத்துச் சேர்வது வேறு என்னும் பாடம் நம் நாட்டிற்குப் புதிதன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறிச் செல்லும் குன்னூரில், 1918-இல் மக்காரிசன் என்பார் பெரிபெரி நோயை ஆராய ஒரே அறையில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். தீட்டிய அரிசியை வயிறார உண்டவரையும் பற்றிய நோய் அது. தவிட்டோடு போன சத்தே காரணம். அவ்வாய்வகமே 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது: தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேரும், கேரளத்தில் 38 பேரும் எடை மிக்கவர், அதே பெண்களுள் இரத்தசோகை உடையோர் முறையே 53 பேரும் 36 பேரும் ஆவர்.

அப்படியாயின் என்ன உண்பது? இன்ன உணவுமுறைதான் இந்நோய்க்குச் சிறந்தது என்று எதையும் தனித்துச் சொல்வதற்கில்லை என்பதே 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். ஆகவே நம் அடுக்களையே போதும். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் நாட்டு அளவு. 60 கிலோ எடையுள்ளவர்க்கு 50 கிராம். எடை குறையும் காலத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம், 50 கிராம் பருப்பில் 11 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் உண்டு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற முதுமொழியை நம் கொங்குச் சமையல் மறக்கவில்லை. நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் இருக்கிறது. எல்லையில் வாழும் நமக்குக் கொள்ளுப்பருப்பும் உண்டு, புட்டும் கடலையும் உண்டு. புட்டைக் குறைத்துக் கடலையைக் கூட்டுங்கள்.

முதற் கவளம் பருப்போ முட்டையோ மீனோ ஆகட்டும். சோறு பின்னர் வரட்டும். சிறிது சிறிதாக, மென்று உண்ணட்டும். எண்ணெயில் பொரித்தவை குமட்டலைக் கூட்டும். மலச்சிக்கலுக்குக் கீரையும் காயும் போதிய நீரும் துணை. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவர்க்கு பி-12 சத்துக் குறையலாம். இரத்தச் சோதனை தேவை. தசை நிலைக்க நடையோடு, பளு தூக்கும் எளிய பயிற்சியும் வேண்டும். ஓயாத வாந்தியோ கடும் வயிற்றுவலியோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்க.

இன்னொன்று, தாய்மார்கள் கருத்தில் கொள்ளுக. எடை குறைந்தால் நின்றிருந்த கருமுட்டை வெளியேற்றம் மீளலாம். எதிர்பாராமல் கருத்தரிக்கவும் கூடும். கருவுற்றிருக்கையில் இந்த ஊசி கூடாது. வெகோவியைக் கருத்தரிக்க எண்ணுவதற்கு இரண்டு மாதம் முன்னரே நிறுத்தவேண்டும். மவுஞ்சாரோ கருத்தடை மாத்திரையின் பயனைக் குறைக்கக்கூடும். மாமியாரும் கணவரும் குழந்தையை எதிர்பார்க்கும் வீடுகளில் இதை முதலிலேயே மருத்துவரிடம் பேசிவிடுவது நலம்.

ஆடவர்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். நம் வீடுகளில் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிய பின், சட்டியில் எஞ்சியதை உண்பது வழக்கம். பசித்தவளாவது ஒருகால் கேட்பாள். பசியே அடங்கியவள் கேட்கவும் மாட்டாள். பருப்பு தீர்ந்தால் ரசத்தோடு எழுந்துவிடுவாள். வீட்டாரும் ‘கட்டுப்பாடாக இருக்கிறாள்’ என்று மெச்சுவர். அந்த மெச்சுதலை விடுத்து, அவளையும் உடன் அமர்த்துங்கள். அவள் பங்குப் பருப்பையும் முட்டையையும் முதலில் எடுத்து வையுங்கள். இளைத்துவிட்டாயே என்று வியப்பதோடு நில்லாமல், இன்று என்ன உண்டாய் என்று கேளுங்கள்.