தார் ரோட்டுக்கு அப்பால் போகும் வேன்

பழைய வேன் ஒன்றை வாங்க வேண்டும், உள்ளே படுக்கை போட வேண்டும், அடுப்பும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு தார் ரோடு முடிகிற இடத்துக்கு அப்பாலும் போய்வர வேண்டும். இந்த ஆசை பெங்களூரில் இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. எங்கள் காக்ஸ் டவுனும் விதிவிலக்கு இல்லை. சனிக்கிழமை ஆனால் போதும், மெக்கானிக் ஷெட் வாசலில் யாராவது ஒருவர் செல்போனில் ஒரு வண்டியின் படத்தைக் காட்டி, "இது தாங்குமாண்ணா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுவதற்கு நல்ல வண்டி எது என்றால், மாற்ற வேண்டிய வேலை மிகக் குறைவாக உள்ள வண்டிதான். சட்டத்தைக் கேட்டாலும், கமான் பட்டையைக் கேட்டாலும், நம் பர்ஸைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி தயாரித்துக் கொடுத்த அமைப்புக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கேம்பர் வேன் என்ற வகையே அரசுப் பட்டியலில் இல்லையா என்றால், இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கென்றே உண்டு. ஏ.ஐ.எஸ். 124 என்று அதற்கான தரவிதியும் உண்டு. ஆனால் அது, வண்டி கட்டும் கம்பெனிகள் மாதிரி ஒன்றைச் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குகிற பாதை. தெருமுனை டிங்கரிங் கடையில் கூரையை அறுத்து உயர்த்திவிட்டு எஃப்.சி.க்குப் போய் நின்றால் அங்கே யாரும் கைதட்ட மாட்டார்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்த வெல்டிங்கைத்தான்.

ஆகவே வண்டியின் உடம்பில் கை வைக்காதீர்கள். தூக்கி வெளியே வைக்கக்கூடிய மரப்பெட்டி, அதன்மேல் மெத்தை, மடக்கு மேஜை என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இதெல்லாம் வண்டியில் ஏற்றிய சாமான் மட்டுமே. சீட்டையே நிரந்தரமாக எடுப்பதாக இருந்தால், ஆர்.சி.யில் சீட்டு எண்ணிக்கை எழுதியிருக்கிறது என்பதை மறக்காமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, முறைப்படி பதிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, எந்த வண்டி?

எல்லோர் மனதிலும் முதலில் வருவது ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்று வந்து, 2019 வரை விற்பனையில் இருந்தது. 796 சி.சி. இன்ஜின், தட்டையான தளம், இரண்டு பக்கமும் தள்ளு கதவு, பின் சக்கர இழுவை. எந்த ஊரிலும் இதற்கு மெக்கானிக் கிடைப்பார். இடைஞ்சல் அதன் சக்கரத்தில் இருக்கிறது. 12 அங்குலம்தான். மாட்டு வண்டித் தடத்தில் சக்கரம் இறங்கினால் வண்டியின் வயிறு மண்ணில் உட்காரும். 2010-இல் வந்த ஈகோவுக்கு 13 அங்குலம், இன்ஜினும் பெரிது. இரண்டு பேர், நல்ல மண் ரோடு, காப்பித் தோட்டத்து வீடு என்றால் ஈகோ போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடுத்தது டெம்போ டிராவலர். 1987-இல், மெர்சிடிஸ் பென்ஸ் வேன் ஒன்றை அடிப்படையாக வைத்து புணேயின் பஜாஜ் டெம்போ கம்பெனி கொண்டுவந்தது. கம்பெனியின் பெயர் 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறிவிட்டது, நம் ஊரில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை, இன்னும் டெம்போ டிராவலர்தான். பின் சக்கர இழுவை. உயரக் கூரை உள்ள வண்டியாகப் பார்த்தால் உள்ளே நின்றே வேலை செய்யலாம். ஆம்புலன்ஸாக ஓடியது கிடைத்தால் உள்ளே சீட்டும் குறைவு. ஆனால் பின் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பு நீளம். ஓடைச் சரிவில் இறங்கி ஏறும்போது வால் போய் இடிக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை நம் தெருவில். அசாயே ரோடு, வீலர் ரோடு பக்கத்துக் குறுக்குத் தெருக்களில் இவ்வளவு பெரிய வண்டியை ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள்? கீழ்ப்பாலங்களின் உயரத்தையும் மரக்கிளைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டாடா விங்கரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தார் ரோட்டில் சுகமான வண்டி. 2007-இல் வந்த அந்த வண்டிக்கு இழுவை முன் சக்கரத்தில். பாரத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மண் மேட்டில் ஏறினால் எடை முழுக்கப் பின்பக்கம் சாயும், முன் சக்கரம் சும்மா சுற்றும். பழைய மேட்டடார் ஓட்டியவர்களுக்கு இது புரியும்.

பொலேரோ கேம்பரின் கதை கொஞ்சம் வேடிக்கை. பெயரிலேயே கேம்பர் இருக்கிறது, படுக்க இடம் கிடையாது. முன்னால் இரண்டு வரிசை சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. ஆனால் சேஸ் வலுவானது, நாலு சக்கர இழுவை உள்ள மாடலும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆதரவில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற கம்பெனியோடு சேர்ந்து, இதே பொலேரோ கேம்பரை வைத்து வீட்டு வண்டி தயாரிக்கப் போவதாக மஹிந்திரா 2022-இல் அறிவித்தது. பெரிய கம்பெனியே எந்த அடித்தளத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

என் ஓட்டு யாரும் கண்டுகொள்ளாத ஒரு வண்டிக்கு. ஃபோர்ஸ் டிராக்ஸ் க்ரூஸர். கலபுரகி, விஜயபுரா பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே நிரம்பி, ஏணியிலும் ஆள் தொங்க, கிராமம் கிராமமாக ஓடுகிற வண்டி. ஏணிச் சட்டம் போன்ற தனி சேஸ், பின் சக்கர இழுவை, தரையிலிருந்து நல்ல உயரம், மெர்சிடிஸ் வம்சத்து டீசல் இன்ஜின். பல வண்டிகளில் பின்பக்கம் எதிரெதிரே பெஞ்சு சீட்டு. நடுவில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்தால் படுக்கை தயார். ஒரு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டாம். குறை இல்லாமல் இல்லை. நிமிர்ந்து நிற்க முடியாது, சத்தம் அதிகம், பெரும்பாலும் மஞ்சள் போர்டு வண்டிகள், உழைத்து உழைத்துக் களைத்தவை.

மஞ்சள் போர்டை வெள்ளை போர்டாக மாற்றலாம். ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆயுள் வரியும் வேண்டும். ஓசூரிலோ வாணியம்பாடியிலோ சொந்தக்காரர் இல்லாத காக்ஸ் டவுன் வீடு குறைவு. "இங்கே விலை கம்மி மாமா, வந்து பாருங்க" என்று போன் வரும். தமிழ்நாட்டு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், கர்நாடகத்தின் ஆயுள் வரியோ கூடுதல். என்.ஓ.சி. வாங்கிக் கொடுப்பது விற்பவர் பொறுப்பு என்று எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். டெல்லி வண்டி மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே கெடுபிடி அதிகம். லாரியில் ஏற்றி வரும் செலவு, மறுபதிவு, வரி எல்லாம் கூட்டினால் மலிவு மறைந்துவிடும்.

இனி வண்டியைப் பார்க்கப் போகலாம். காலையில் போங்கள், "ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டில் கை வையுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் அவர் ஏற்கெனவே ஒரு தரம் மல்லுக்கட்டி எழுப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆனதும் வரும் புகையைப் பாருங்கள். நீலப் புகை ஆயில் எரிவது. டீசல் வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைத் துளைமேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்தால், ரீபோர் செலவை விலையில் கழியுங்கள், அல்லது திரும்பி வந்துவிடுங்கள். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். கிளட்ச் பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கின் வழவழப்பும் டிரைவர் சீட்டின் பள்ளமும் உண்மையைச் சொல்லும்.

பிறகு தளம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கால் மேட்டைத் தூக்குங்கள். அதற்கடியில் இருக்கும் தார் ஷீட்டையும் ஒரு மூலையில் பிரியுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டிங்' என்னும், துரு தின்றதும் பட்டி பூசியதும் 'டொப்' என்னும். தள்ளு கதவின் கீழ்த்தண்டவாளம், சக்கர வளைவின் உட்புறம், பேட்டரிக்கு அடிப்பக்கம், கமான் பட்டை சேஸில் மாட்டும் இடம் ஆகியவற்றில் விரலை விட்டுத் தடவுங்கள். மங்களூர், சென்னை போன்ற கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம். புதுசாகக் கருப்பு பெயின்ட் அடித்த சேஸைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

தளத்து ஓட்டை அழகுப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி. ஓடுவதற்காக ஜெனரேட்டரை ஓட விட்டிருந்தார்கள். அதன் கார்பன் மோனாக்சைடு தளத்தில் இருந்த துளை வழியாக உள்ளே வந்தது என்று ஆய்வு செய்தவர்கள் கண்டறிந்தார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இன்ஜினை ஓடவிட்டு உள்ளே படுக்கக் கூடாது. கதவை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு பற்றவைக்கவும் கூடாது. சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், காட்சியும் நன்றாக இருக்கும்.

நாலு சக்கர இழுவை இல்லாமல் முடியுமா என்று கேட்பீர்கள். 1960-களிலும் 70-களிலும் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நம் நாட்டுக்கு வந்த ஹிப்பிகளில் பலர் ஓட்டிவந்தது, இன்ஜினும் இழுவையும் பின்னால் உள்ள சாதாரண ஃபோக்ஸ்வேகன் வேன். நம் பக்கத்தில் மண் ரோடு என்றால் ஏரிக்கரை, தோட்டத்துப் பாதை, கோலார் பாறைக் குன்றுகளின் அடிவாரம். இதற்கெல்லாம் நல்ல டயரும் உயரமும் நிதானமும் போதும். ஹம்பிக்குப் போகும் வழியில் கரிசல் மண் மழையில் நனைந்துவிட்டால், டயரின் பள்ளங்களெல்லாம் அடைத்துக்கொள்ளும், அப்போது நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். காய்வதற்குக் காத்திருப்பதே வழி. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை இறக்குவது குற்றம், அதற்கு எந்த வண்டியும் உதவாது. பந்திப்பூர் வழியாக ஊட்டிக்குப் போவதானால் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை பாதை அடைப்பு. 2009-இலிருந்தே இருக்கிறது.

கடைசியாக எடை. ஆர்.சி.யில் அன்லேடன் வெயிட், கிராஸ் வெயிட் என்று இரண்டு எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது, ஆட்களையும் சேர்த்து. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர் பேட்டரி 50 கிலோ பக்கம். எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று 30 கிலோவுக்கு மேல். கார்பென்டர் உற்சாகமாக அலமாரி, டிராயர் என்று அடுக்கிக்கொண்டே போனால், காக்ஸ் டவுன் தாண்டுவதற்குள் கமான் பட்டை நிமிர்ந்துவிடும். 12 மில்லிமீட்டர் போதும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு இன்னொன்றையும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் உயரமானவர் யாரோ, அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வண்டிக்குள் காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். ஆம்னியும் ஈகோவும் ஒன்றரை மீட்டர் அகலம்கூட இல்லை, குறுக்கே படுக்க முடியாது, நீளவாக்கில்தான். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். கால் இடித்தால் அந்த வண்டி வேண்டாம்.