ஊசி போட்டு ஓராண்டு கழித்து



தலைமை உரை என்றாலே நீளும் என்ற அச்சம் அவைக்கு உண்டு. காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

தோள்பட்டைக் காயங்களுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்பது இன்றைய பொருள். இதை ராயப்பேட்டையில் கூடிப் பேசுவது பொருத்தம் என்றே நினைக்கிறேன். இங்குள்ள அரசு மருத்துவமனை 1911-இல் தொடங்கியது. அதன் முதல் கண்காணிப்பாளர் சார்லஸ் டோனவன், 1903-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் காலா அசார் கிருமியைக் கண்டறிந்தவர். லீஷ்மேனியா டோனவனி என்று அந்தக் கிருமியே அவர் பெயரைச் சுமக்கிறது.

அதே 1911-இல் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் ஏமரி காட்மன் என்ற அறுவை மருத்துவர் இரண்டு காரியங்கள் செய்தார். அறுந்துபோன சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணைத் தைத்துச் சரிசெய்தது பற்றிக் கட்டுரை வெளியிட்டார். கையோடு சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனையும் திறந்தார். அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. என்ன தொல்லையோடு வந்தார், என்ன செய்தோம், ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார், குணமாகவில்லை என்றால் யார் தவறு என்று அதில் எழுத வேண்டும். 1916 வரை 337 நோயாளிகள். அவர்களிடம் நேர்ந்த 123 தவறுகளை அவரே அச்சடித்து ஊருக்குக் கொடுத்தார். 1915-இல் ஒரு கூட்டத்தில், மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு டாக்டர்களுக்குப் பொன்முட்டையிடும் நெருப்புக்கோழியாக நகரத்துச் செல்வந்தர்களைக் காட்டும் கேலிச்சித்திரத்தைத் திறந்து வைத்தார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கிவிட்டார்கள். 1940-இல் இறந்தார். கல்லறைக்கு ஒரு கல் நட 2014 வரை ஆயிற்று.

நம் பிசியோதெரபி அறைகளில் தினமும் 'குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுங்க' என்கிறோமே, அதற்குக் காட்மன் பயிற்சி என்றே பெயர். பயிற்சியை வைத்துக்கொண்டோம், அட்டையை விட்டுவிட்டோம்.

சென்ற ஆடி மாதம் என் அறைக்கு ஒருவர் வந்தார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டி உதிரிபாகக் கடையில் சரக்கு இறக்குபவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். வலது கையை இடது கையால் பிடித்துத் தூக்கி என் மேசைமேல் வைத்தார். மஞ்சள் பையிலிருந்து ரசீதுகளை எடுத்துப் பரப்பினார். "ஸ்டெம் செல் மூணு ஊசி போட்டாச்சு சார். சங்கிலிய அடகு வெச்சுத்தான் போட்டேன்" என்றார். எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டேன். முழங்கையின் உள்மடிப்பைக் காட்டினார். "இங்கதான் சார், ரத்தம் எடுத்தாங்க."

அவையோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கை நரம்பில் ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் செறிந்த ஊனீரைத் தோளில் ஏற்றியிருக்கிறார்கள். பி.ஆர்.பி. என்று நாம் சொல்வது அதுதான். அதற்கென்று ஓர் இடம் இருக்கலாம், ஆனால் அது ஸ்டெம் செல் ஆகாது. அவர் கொண்டுவந்த சீட்டில் 'ரீஜெனரேட்டிவ் இன்ஜெக்‌ஷன்' என்று மட்டும் இருந்தது. எத்தனை அணுக்கள் என்று இல்லை, மறுபடி எப்போது வர வேண்டும் என்றும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தேன். தசைநாண் முழுதாக அறுந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தசையில் பாதி கொழுப்பாகிவிட்டிருந்தது. கூட்டாலியே வகைப்பாட்டில் மூன்றாம் நிலை. ஊசிகளுக்கு அலைந்த ஒன்றரை ஆண்டில், தைத்தால் ஒட்டியிருக்கக்கூடிய காலம் போய்விட்டது. அந்தக் கிளினிக்கின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு பெயரோடு முடிகிற விஷயமாக இருந்தால் இந்தக் கருத்தரங்குக்கே வேலை இல்லை.

இதனால் ஸ்டெம் செல்லே பொய் என்று சொல்ல வந்தேன் என நினைத்துவிடாதீர்கள். தோள் அறுவை செய்யும் எவருக்கும் இந்த ஆசை ஏன் வருகிறது என்பது தெரியும். தசைநாண் எலும்பில் சேரும் இடம் இயற்கையில் நான்கு அடுக்கு: தசைநாண், நார்க்குருத்தெலும்பு, சுண்ணமேறிய நார்க்குருத்தெலும்பு, எலும்பு. நாம் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் உடல் அந்த நான்கையும் திரும்பக் கட்டுவதில்லை. தழும்பை வைத்து ஒட்டுப் போடுகிறது. பெரிய கிழிசல்கள் மறுபடி கிழிவது அதனால்தான். அந்த ஒட்டை உறுதியாக்க ஏதேனும் கிடைக்காதா என்ற தேடல் நியாயமானது.

பிரான்சில் எர்னிகு குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வை இன்று பலர் மேற்கோள் காட்டுவீர்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துச் செறிவாக்கி, தைத்த இடத்தில் செலுத்தினார்கள். ஆறு மாதத்தில் 45 பேரில் 45 பேருக்கும் ஒட்டியது. மஜ்ஜை பெறாத 45 பேரில் 30 பேருக்கு. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 87 விழுக்காடு, மற்றதில் 44 விழுக்காடு தாங்கி நின்றன. நல்ல செய்திதான். ஆனால் அந்த இரு குழுக்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. ஒத்தவர்களைத் தேடி இணை சேர்த்தவை. என்னைக் கவர்ந்தது வேறு. பத்தாண்டு கழித்து 90 பேரையும் தேடிப் பிடித்து ஸ்கேன் எடுத்திருக்கிறார்களே, அதுதான்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். அந்த ஆய்வில் ஒருவருக்குச் சென்ற ஸ்டெம் செல்கள் சராசரியாக 51 ஆயிரம். சியோலில் கொழுப்பிலிருந்து எடுத்து வளர்த்து, பாதி கிழிந்த தசைநாணில் செலுத்தியபோது 1 கோடியிலிருந்து 10 கோடி வரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நம் ஊர் விளம்பரப் பலகையில் ஒரே பெயர்! மஜ்ஜையில் உட்கரு உள்ள அணுக்களில் ஸ்டெம் செல் பத்தாயிரத்துக்கு ஒன்று என்றால்கூட அதிகம், லட்சத்துக்கு ஒன்றாகவும் இருக்கும். ஒரே துளையில் ஊசியை வைத்து 20 மில்லி உறிஞ்சினால் வருவது பெரும்பாலும் ரத்தம். இடம் மாற்றி மாற்றி இரண்டிரண்டு மில்லியாக எடுக்கப் பொறுமை வேண்டும். பிற்பகல் செய்முறை அமர்வில் இதைப் பார்க்கப் போகிறீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நழுவிவிடாதீர்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் குருத்தணு என்கிறோம். அழகான சொல். வாழைக் குருத்தைப் போல வெட்டினாலும் துளிர்க்கும் என்று கேட்பவருக்குத் தோன்றும். தொல்லை அங்கேதான். 1991-இல் 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் சூட்டிய ஆர்னல்ட் கேப்ளனே, 2017-இல் அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். இவை புதுத் தசைநாணாக வளர்வதைவிட, சுற்றியுள்ள அணுக்களுக்குச் செய்தி அனுப்பி அவற்றை வேலை வாங்குகின்றன என்பது அவர் வாதம்.

சட்டம் சுருக்கமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2007 நெறிமுறையின் தலைப்பில் 'ஆராய்ச்சியும் சிகிச்சையும்' என்று இருந்தது. 2013-இல் 'சிகிச்சை' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். 2017 பதிப்பிலும் அது திரும்பவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடக்கும் மஜ்ஜை மாற்று போன்ற ரத்த நோய்ச் சிகிச்சைகளுக்கு வழி திறந்தே இருக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு, முழங்காலுக்கு மட்டும், பெங்களூரில் உருவான ஒரு தயாரிப்பு 2022-இல் அனுமதி பெற்றது. தோளுக்கு அனுமதி பெற்ற தயாரிப்பு எதுவும் இல்லை. தோளில் செலுத்த வேண்டுமானால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்த ஆய்வாகச் செய்யுங்கள். ஆய்வில் சேர்பவரிடம் ஊசிக்குப் பணம் வாங்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளின் உறைந்த தோளைப் பற்றிப் பேச இரண்டு கட்டுரைகள் வந்திருக்கின்றன. காலமும் பயிற்சியும் சர்க்கரைக் கட்டுப்பாடும் பெரும்பாலும் சரிசெய்துவிடும் ஒரு நோய்க்கு விலையுயர்ந்த அணு எதற்கு என்று அந்த அமர்வில் யாராவது கேட்டாக வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நான் கேட்பேன்.

அந்த உதிரிபாகக் கடைத் தொழிலாளிக்கு இப்போது காட்மன் பயிற்சியும் மற்ற தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் நடக்கின்றன. கை தோள் மட்டம் வரை ஏறுகிறது, சட்டையைத் தானே மாட்டிக்கொள்கிறார். சரக்கு இறக்க முடியவில்லை. கடைக்காரர் அவரைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறார்.

வெளியே பதிவு மேசையில் வெள்ளை அட்டைக் கட்டு ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு பக்கம்தான்: நோயாளியின் எண், எங்கிருந்து எடுத்தது, எத்தனை அணு, எந்தத் தேதி, ஓராண்டு கழித்து கை எவ்வளவு உயர்கிறது, ஸ்கேன் என்ன சொல்கிறது. ஆளுக்கு ஐம்பது எடுத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு கூடும்போது நிரப்பிக் கொண்டுவாருங்கள், தோற்றவற்றையும் சேர்த்து.